கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும்: புதிதாகத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரிந்தவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும், வீட்டில் ஆகட்டும் வேலையிடத்தில் ஆகட்டும், எது நின்றுபோனாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி என்னிடம் வந்த கேள்விகள் இவை. ஆள் மாறியும் கேள்வி மாறாததால் எழுதிவைத்துவிட்டேன். கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. இந்தக் குழப்பங்களில் பாதிக்கு மேல் "இது எங்கே நடக்கிறது?" என்று கேட்டாலே தெளிந்துவிடும். என் மெஷினுக்குள்ளா, போகிற வழியிலா, வேறு யாரோ வைத்திருக்கும் மெஷினிலா? கீழே பல பதில்கள் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

1. தெரியாம எதையாவது அமுக்கி கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா?

போகாது. விசைகளை அழுத்துவதாலும் மவுஸைச் சொடுக்குவதாலும் மெஷின் பழுதாவதில்லை. அதைக் கெடுப்பவை வேறு: மேலே கொட்டும் தண்ணீர், கீழே விழுவது, மெத்தையில் வைத்து ஓட்டிக் காற்றுத் துளைகளை அடைத்துவிடுவது.

தப்பாக அழுத்தினால் போகக்கூடியது நீங்கள் செய்துவைத்த வேலைதான். ஏதோ மாறிவிட்டது என்று பட்டவுடன் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இசட்டைத் தட்டுங்கள், கடைசியாகச் செய்தது ரத்தாகிவிடும். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். நடுவில் ஒரு பெட்டி வந்து ஏதாவது கேட்டால், டெலீட், ஃபார்மட், ரீசெட் என்ற மூன்றில் ஒன்று அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் நிதானமாக இரண்டு முறை படியுங்கள். இன்டர்நெட்டில் உலாவும்போது வரும் மிரட்டல் பெட்டிகள் வேறு ரகம், அவை 20-ஆம் கேள்வியில் வருகின்றன.

2. டிவி மாதிரி இருக்கறதை ஆஃப் பண்ணிட்டேன். கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சுதானே?

இல்லை. அது மானிட்டர், காட்டுவது மட்டுமே அதன் வேலை. கணக்குப் போடும் பிராசஸர், ரேம், ஸ்டோரேஜ் எல்லாம் கேபினெட் பெட்டிக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். லேப்டாப்பில் எல்லாம் ஒன்றாக இருக்கிறது. அதை மூடினாலும் பெரும்பாலும் அது அணைவதில்லை, ஸ்லீப் நிலைக்குப் போகிறது. கைப்பேசிக்குள்ளும் இதே உறுப்புகள்தான். ஆகவே "எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது" என்று போனில் பேசிக்கொண்டே சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

3. ரேம் 8 ஜிபி, ஸ்டோரேஜ் 512 ஜிபின்னு போட்டிருக்கு. ரெண்டும் மெமரிதானே, எதுக்கு ரெண்டு?

ஸ்டோரேஜ் என்பது மின்சாரம் போனாலும் அழியாமல் வைத்திருக்கும் இடம். படங்கள், பாட்டுகள், புரோகிராம்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆனால் பிராசஸரின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. அதனால் நீங்கள் ஒரு புரோகிராமைத் திறந்தவுடன் அதற்கு வேண்டியவை ஸ்டோரேஜிலிருந்து ரேமுக்குப் பிரதி எடுக்கப்படுகின்றன, வேலை முழுக்க ரேமில் நடக்கிறது. ரேம் மிக வேகமானது. ஆனால் மின்சாரம் நின்றால் அதிலிருப்பது அத்தனையும் போய்விடும்.

எது போதவில்லை என்று கண்டுபிடிப்பது சுலபம். "இடமில்லை, சேவ் பண்ண முடியாது" என்று வந்தால் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது. பிரவுசரில் (குரோம் போல வெப் பக்கங்களைக் காட்டும் புரோகிராம்) முப்பது டேப் திறந்தவுடன் எல்லாம் நொண்டுகிறது என்றால் ரேம் போதவில்லை. ரேம் நிரம்பினால் மீதியை ஸ்டோரேஜில் தற்காலிகமாக எழுதி எழுதிப் படிக்க வேண்டியிருக்கிறது, நொண்டுவது அதனால்தான். படங்களை அழித்தால் முதல் பிரச்சினை தீரும். இரண்டாவது தீராது.

4. ரெண்டு பக்கம் டைப் பண்ணேன், கரண்ட் போச்சு, எல்லாம் போச்சு. எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை, எங்கேயும் வந்து சேரவே இல்லை என்பதுதான் சரி. நீங்கள் தட்டியது ரேமில் இருந்தது (கேள்வி 3). சேவ் கொடுப்பது என்றால் ரேமில் இருப்பதை ஸ்டோரேஜில் எழுதச் சொல்வது. கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்ந்தால் சேவ். ஒரு பத்தி முடிந்ததும் விரல் தானாக அதில் போகட்டும்.

இப்படிப் போய்விட்டால் உடனே மனம் தளர வேண்டாம். மைக்ரோசாஃப்ட் வேர்டு வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுத்துவைக்கும், மறுபடி திறந்தால் அதைக் காட்டக்கூடும். கூகுள் டாக்ஸ் போன்றவை தட்டத் தட்டவே வேறொரு மெஷினில் எழுதிவிடுகின்றன.

5. 1 டிபி டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை, எண்ணும் முறை இரண்டு. தயாரிப்பவர்கள் 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட் (தகவலை அளக்கும் அலகு) என்று கணக்கிடுகிறார்கள், அத்தனை பைட்டும் டிஸ்கில் இருக்கும். விண்டோஸோ 1,024-ஐ அடிப்படையாக வைத்து, 1,07,37,41,824 பைட் சேர்ந்தால்தான் ஒரு ஜிபி என்கிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும். அதே டிஸ்கை மேக்கில் செருகினால் 1 டிபி என்றே காட்டும்.

6. டவுன்லோட் ஆச்சுன்னு சொல்லுது, ஆனா ஃபைலைக் காணோமே?

டவுன்லோட்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதுவானாலும் கன்ட்ரோலுடன் ஜே அழுத்தினால் இறக்கியவற்றின் பட்டியல் வரும். காணோம் என்று அதே ஃபைலை நான்கு முறை இறக்கியிருப்பீர்கள், பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண்ணோடு அதுவும் அங்கேயே இருக்கும்.

7. ஃபைல் பேருக்குப் பின்னாடி புள்ளி வச்சு பிடிஎஃப், ஜேபிஜின்னு வருதே, அதை மாத்தினா ஃபைலும் மாறிடுமா?

மாறாது. அந்த வால் ஒரு அடையாளச் சீட்டு மட்டுமே. எந்தப் புரோகிராமைக் கொண்டு திறக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. வேர்டு ஃபைலின் பெயரில் பிடிஎஃப் என்று ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது வேர்டு ஃபைல்தான், பிடிஎஃப் புரோகிராம் திறக்கப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கும். உண்மையாகவே மாற்ற வேண்டுமானால் அந்தப் புரோகிராமுக்குள்ளேயே "சேவ் ஆஸ்" அல்லது "எக்ஸ்போர்ட்" கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் வழக்கமாக இந்த வாலை மறைத்துவைக்கும். மெயிலில் வந்த ஒரு ஃபைலின் முழுப் பெயர் "பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்றால், கடைசித் துண்டு மறைந்து "பில்.பிடிஎஃப்" என்று மட்டும் தெரியும். பில் என்று நினைத்துத் திறப்பீர்கள், ஓடுவதோ ஒரு புரோகிராம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பட்டியலுக்குள் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் போட்டுவிடுங்கள். புது மெஷினில் நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

8. எதுக்கெடுத்தாலும் ரீஸ்டார்ட் பண்ணுன்னு சொல்றீங்களே, அதுல அப்படி என்ன மந்திரம்?

மந்திரம் இல்லை, மறதி. கம்ப்யூட்டர் ஓடும்போது ரேமில் நூற்றுக்கணக்கான சிறு வேலைகள் குவிகின்றன. அவற்றில் ஒன்று ரேமை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் இருக்கும். இன்னொன்று வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். பிரின்டருக்குப் போன உத்தரவு பாதியில் சிக்கியிருக்கும். எது எங்கே சிக்கியது என்று தேடுவதைவிட எல்லாவற்றையும் மறக்கச் சொல்லி முதலிலிருந்து தொடங்கவைப்பது எளிது. ஸ்டோரேஜில் சேவ் ஆனவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

"நான்தான் தினமும் ஷட் டவுன் பண்றேனே" என்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கும் மெஷினில் ஷட் டவுன் கொடுத்தால், விண்டோஸின் மையப் பகுதி அன்றைய நிலையை அப்படியே ஸ்டோரேஜில் எழுதிவைத்துக்கொண்டு தூங்கும், மறுநாள் அதையே எடுத்துக்கொண்டு எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையாகவே புதிதாகத் தொடங்கும். சோதித்துப் பார்க்கலாம்: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவுக்குக் கீழே "அப் டைம்" என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் இரவு அணைக்கும் மெஷினில் அது பல நாட்களைக் காட்டினால், இதுதான் காரணம்.

9. வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் வரலை. எப்படி?

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வைஃபை என்பது உங்கள் மெஷினிலிருந்து வீட்டு ரூட்டர் (நெட் இணைப்பு வந்து சேரும் பெட்டி) வரைக்கும் உள்ள கம்பியில்லாத் தொடர்பு, அவ்வளவுதான். கோடுகள் முழுதாக இருந்தால் ரூட்டர் வரை நன்றாகக் கேட்கிறது என்று பொருள். ரூட்டருக்கு அப்பால் கேபிள் அறுந்திருந்தாலும் அந்தக் கோடுகள் குறையாது. பிரின்டருக்கு வைஃபையில் பிரின்ட் அனுப்ப நெட்டே தேவையில்லை என்பதும் இதனால்தான்.

எனவே எங்கே நின்றது என்று வரிசையாகப் பாருங்கள். ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா? கோளாறு அநேகமாக அந்தத் தளத்தில், நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. உங்கள் லேப்டாப்பில் எதுவுமே வரவில்லை, அதே வைஃபையில் பக்கத்துப் போனில் வருகிறதா? கோளாறு உங்கள் லேப்டாப்பில், 8-ஆம் கேள்விக்குப் போங்கள். எதிலுமே வரவில்லையா? ரூட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள், அதுவும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான். அப்புறமும் வரவில்லை என்றால் இணைப்புத் தருபவரைக் கூப்பிடுங்கள்.

10. இன்டர்நெட் எங்கேதான் இருக்கு? சாட்டிலைட்லயா?

சாட்டிலைட்டில் இல்லை, பெரும்பாலும் கேபிள்களில். கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் மிகப் பெரும்பான்மை கடலடி ஃபைபர் கேபிள்களில்தான் ஒளியாகப் போகிறது. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மெஷினிடம் கேட்டுப் பதில் வாங்க நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நிலத்தோடு சேர்ந்து சுற்றும் சாட்டிலைட்டோ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி மேலே போய் இறங்கி, பதிலும் மேலே போய் இறங்குவதற்குள் ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும். ஸ்டார்லிங்க் போன்றவை சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் நிறையச் சிறு சாட்டிலைட்டுகளைச் சுற்றவிடுவது இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான்.

மற்றபடி இன்டர்நெட்டுக்கு ஒரு இருப்பிடமோ முதலாளியோ கிடையாது. பல்லாயிரம் வலையமைப்புகள் ஒரே விதிகளில் பேச ஒப்புக்கொண்டதன் பெயர்தான் அது. அதன் மூதாதையான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29-ல். லாகின் என்ற சொல்லை அனுப்பப் பார்த்தார்கள், முதல் இரண்டு எழுத்து போனதும் சிஸ்டம் நின்றுவிட்டது. இன்றும் புழங்கும் டிசிபி/ஐபி என்ற விதிகளுக்கு ஆர்பாநெட் மாறியது 1983 ஜனவரி 1-ல்.

11. குரோம், கூகுள், வெப்சைட், இன்டர்நெட் எல்லாம் ஒண்ணுதானே?

நான்கும் நான்கு. இன்டர்நெட் என்பது மேலே சொன்ன தொடர்பு. அதன் மேல் ஓடும் பல சேவைகளில் ஒன்று வெப். 1989-ல் ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ அதை முன்மொழிந்தார். மெயில் அதைவிட மூத்தது. குரோம் உங்கள் மெஷினில் இருக்கும் ஒரு புரோகிராம், பக்கங்களை வாங்கிக் காட்டும் பிரவுசர். கூகுள் தேடல் வேறொருவர் மெஷினில் ஓடும் ஒரு வெப்சைட். ஃபயர்ஃபாக்ஸில் கூகுளைத் திறக்கலாம், குரோமில் வேறு தேடுபொறியையும் வைத்துக்கொள்ளலாம்.

குழப்பத்துக்குக் காரணம் மேலே இருக்கும் அந்த நீளப் பெட்டி. முகவரியைத் தட்டினால் நேரே அங்கே போகும், வேறு சொற்களைத் தட்டினால் தேடலுக்குப் போகும். உங்கள் வங்கியின் முகவரி தெரிந்தால் முகவரியையே தட்டுங்கள். தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், விளம்பரத்தைப் போலிகளும் கொடுக்கிறார்கள்.

12. 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் டவுன்லோட் 12-ஐத் தாண்டலை. புகார் குடுக்கலாமா?

வேண்டாம், சரியாகத்தான் வருகிறது. இணைப்பின் வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், டவுன்லோடைப் பைட்டில் காட்டுகிறார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. காட்டுவது 3, 4 என்று இருந்தால் முதலில் வைஃபையைச் சந்தேகியுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டி நன்றாகப் போகும் ஆனால் வேகம் குறைவு, 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஆனால் சுவரில் திணறும். லேப்டாப்பைக் கேபிளால் நேரே ரூட்டரில் செருகிப் பார்த்துவிட்டுப் புகார் கொடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

13. ஒரு சைட்ல மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேக்குது. என் ஜிமெயில் பாஸ்வேர்டைத்தானே போடணும்?

கூடவே கூடாது. புதியவர்கள் செய்வதிலேயே ஆபத்தான காரியம் இதுதான், ஆனால் அந்தப் பெட்டிகளின் அமைப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மேலே மெயில் ஐடி, அதற்கு நேர் கீழே பாஸ்வேர்டு. உண்மையில் அந்தத் தளம் மெயில் ஐடியை உங்கள் பெயராக மட்டும் வைத்துக்கொள்கிறது. பாஸ்வேர்டு அந்தத் தளத்துக்கென்று நீங்கள் புதிதாக உருவாக்க வேண்டியது. மெயில் பாஸ்வேர்டைப் போட்டால் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்தது போல் ஆகும்.

"சைன் இன் வித் கூகுள்" என்ற பொத்தான் வேறு. அதை அழுத்தினால் கூகுளின் பக்கமே திறந்து கேட்கும், அங்கே ஜிமெயில் பாஸ்வேர்டு கொடுப்பது சரி. முகவரிப் பெட்டியில் கூகுளின் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். எப்படிப் பார்ப்பது என்பது 17-ல்.

14. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வச்சுக்கிட்டா ஞாபகம் வச்சுக்க ஈஸியா இருக்குமே?

திருடுபவருக்கும் ஈஸி. யாரும் உங்கள் பாஸ்வேர்டை உட்கார்ந்து ஊகிப்பதில்லை. எங்கோ ஒரு சின்னத் தளம் உடைக்கப்படும், அதில் கசிந்த மெயில் ஐடி, பாஸ்வேர்டு ஜோடிகளை மற்ற எல்லாத் தளங்களிலும் புரோகிராம் வைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை, கசிந்தது வேறொருவர் மெஷினிலிருந்து.

பாஸ்வேர்டு மேனேஜர் என்ற புரோகிராம் ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும், பிரவுசர்களிலேயே அது இருக்கிறது. பிடிக்கவில்லையா, நோட்டில் எழுதி வீட்டில் பூட்டிவையுங்கள். இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் தூரத்தில் இருக்கும் திருடனால் உங்கள் நோட்டைப் படிக்க முடியாது. மெயில் கணக்குக்கு மட்டுமாவது இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல், போனுக்கு வரும் ஓடிபி போல இன்னொரு சான்றும் கேட்பது) போடுங்கள், ஏனென்றால் மற்றத் தளங்களின் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" கடிதமெல்லாம் அங்கேதான் வந்து விழும். அப்படி வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், கேட்கிறார் என்பதே அவர் யார் என்று காட்டிவிடுகிறது.

15. தப்பான ஆளுக்கு மெயில் போயிடுச்சு. திரும்ப வாங்கலாமா?

போய்விட்டால் முடியாது, அது இப்போது அவர்கள் பக்கத்து மெஷினில் இருக்கிறது. ஜிமெயிலில் "அன்டூ" இருக்கிறதே என்றால், அது திரும்ப வாங்குவது அல்ல. நீங்கள் அனுப்பிய பின்னும் ஜிமெயில் சில நொடிகள் கையிலேயே வைத்திருக்கிறது, அதற்குள் சொன்னால் நிறுத்திவிடும். அமைப்புகளில் போய் அதை 30 நொடி வரை நீட்டிக்கொள்ளலாம். நீட்டிவிடுங்கள்.

16. போட்டோ எல்லாம் கிளவுட்ல இருக்கு. போன்ல டெலீட் பண்ணா இடம் கிடைக்கும், அங்கே பத்திரமா இருக்கும்தானே?

நிறுத்துங்கள், அழிக்கும் முன் இதைப் படியுங்கள். கிளவுட் என்பது வேறொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள், பெரிய பெரிய கட்டடங்களில் அடுக்கி வைத்தவை. அங்கே உங்கள் படங்கள் இருப்பது இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று பேக்கப்: தனிப் பிரதி, இங்கே அழித்தாலும் அங்கே இருக்கும். மற்றது சிங்க்: இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும், ஆகவே இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஐகிளவுட் போட்டோஸும் கூகுள் போட்டோஸும், அவற்றின் ஆப்பிலிருந்து சாதாரணமாக அழித்தால் இரண்டு இடத்திலும் அழிக்கும். போனில் மட்டும் இடம் விடுவிக்க "ஃப்ரீ அப் ஸ்பேஸ்", "ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்" என்று தனி வழிகள் இருக்கின்றன.

சந்தேகம் இருந்தால் வேண்டாத ஒரு படத்தை அழித்துவிட்டு வேறொரு மெஷினில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். தவறி அழித்தாலும் குப்பைப் பெட்டியில் சில வாரம் இருக்கும். உயிரான படங்களை ஒரு தனி டிஸ்கிலும் போட்டுவைப்பது நல்லது.

17. முகவரி பக்கத்துல பூட்டுப் படம் இருந்தா அது நம்பிக்கையான சைட்தானே?

இல்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டுமே அது சொல்கிறது. தளம் யாருடையது, நல்லவரா என்பதைச் சொல்வதில்லை. மோசடித் தளமும் இலவசமாக அந்தப் பூட்டை வாங்கிக்கொள்ளும். மக்கள் இப்படித் தப்பாக எடுத்துக்கொண்டதால்தான் குரோம் 2023-ல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

பார்க்க வேண்டியது பெயரை. உதாரணத்துக்கு இப்படி ஒரு முகவரி வருகிறது என்று வையுங்கள்: என்வங்கி.காம்.கணக்கு-சரிபார்ப்பு.நெட்/லாகின். கண் முதலில் "என்வங்கி.காம்" என்பதில் விழும், அதற்காகத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள், அங்கிருந்து இடப்பக்கம் நகருங்கள். நெட், அதற்கு முன் கணக்கு-சரிபார்ப்பு. தளத்தின் சொந்தப் பெயர் அதுதான். அதற்கும் இடப்பக்கம் இருப்பதெல்லாம் அந்தச் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வது, சாய்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பதும் அப்படியே. சில நாட்டு முகவரிகளில் முடிவே இரண்டு துண்டாக வரும், அப்போது இன்னும் ஒரு துண்டு தள்ளிப் பார்க்க வேண்டும்.

18. எந்த சைட்டுக்குப் போனாலும் குக்கி, குக்கின்னு கேக்குதே, அது வைரஸா?

வைரஸ் இல்லை, சிறு குறிப்புச் சீட்டு. வெப் அடிப்படையில் ஞாபகமில்லாதது. ஒரு பக்கம் கேட்டால் கொடுக்கும், அடுத்த பக்கம் கேட்கும்போது நீங்கள் யாரென்று தெரியாது. அதனால் தளம் ஒரு எண்ணை உங்கள் பிரவுசரில் எழுதிவைக்கிறது, ஒவ்வொரு முறையும் பிரவுசர் அதைக் காட்டுகிறது. 1994-ல் நெட்ஸ்கேப் பிரவுசருக்காகச் செய்த ஏற்பாடு இது. இது இல்லாவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் லாகின் செய்ய வேண்டியிருக்கும்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், பக்கத்தில் இடம் வாங்கிய விளம்பர நிறுவனமும் தன் சீட்டை எழுதிவைக்கும்போது. அதே நிறுவனம் ஆயிரம் தளங்களில் இருந்தால் நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்று தொடுத்துவிடும். "ரிஜெக்ட் ஆல்" என்று இருந்தால் அதையே அழுத்துங்கள், தளம் வழக்கம்போல் ஓடும்.

19. இன்காக்னிடோல போனா யாருக்கும் தெரியாதாமே?

உங்கள் மெஷினை அடுத்துத் திறப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். போன இடங்களின் பட்டியலும் குக்கிகளும் அந்த ஜன்னலை மூடியதும் அழியும். ஆனால் வழியிலும் மறுமுனையிலும் எதுவும் மாறுவதில்லை. இணைப்புத் தருபவரும் அலுவலக நெட்வொர்க்கைக் கவனிப்பவரும் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று பார்க்க முடியும். தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி, அதாவது நெட்டில் உங்கள் இணைப்பின் எண், தெரியும். உள்ளே போய் லாகின் செய்தால் பெயரும் தெரியும். பிறர் கம்ப்யூட்டரில் உங்கள் மெயிலைப் பார்க்க நேர்ந்தால் நல்ல உபயோகம்.

20. "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்"னு சிவப்பா வந்து, ஒரு போன் நம்பரும் குடுத்து, பீப் பீப்னு கத்துது. என்ன பண்றது?

ஒன்றும் ஆகவில்லை. அது ஒரு வெப் பக்கம், வெப் பக்கத்தால் உங்கள் டிஸ்கைத் துழாவி வைரஸ் எண்ண முடியாது. உண்மையான ஆன்டிவைரஸ் போன் நம்பர் கொடுத்துக் கூப்பிடச் சொல்லாது. பக்கம் திரை முழுக்க விரிந்திருப்பதால் மூட வழியில்லாதது போலத் தெரிகிறது. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், அல்லது எஃப்11. அசையாவிட்டால் 8-ல் சொன்ன டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரைத் தேர்ந்து "எண்ட் டாஸ்க்". மறுபடி திறக்கும்போது பழைய டேப்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த நம்பரை ஏற்கெனவே கூப்பிட்டு, அவர்கள் சொன்ன புரோகிராமைப் போட்டு, மெஷினைக் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. உடனே நெட்டைத் துண்டியுங்கள், வேறொரு மெஷினிலிருந்து மெயில், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தாமதிப்பதால்தான் நஷ்டம் கூடுகிறது.

21. நல்லா ஓடிக்கிட்டிருக்கறதுக்கு எதுக்கு அப்டேட்?

ஓடுவதில் ஓட்டை இருப்பது தெரியவந்ததால். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கெடுநிரல் சில நாட்களில் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது, பிரிட்டனில் மருத்துவமனைகள் நின்றுபோயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. மாட்டியவர்கள் பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. மெஷின் ஓடும். நீட்டித்த ஆதரவில் தனியாகச் சேராவிட்டால் புது ஓட்டைகள்தான் அடைபடாது.

22. பழைய தமிழ் ஃபைலைத் திறந்தா எம், கே, அரைப்புள்ளின்னு ஆங்கிலமா வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. அந்தக் காலத்தில் தமிழ் ஃபான்ட்கள் (எழுத்துருக்கள்) பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஏமாற்றின. பாமினி ஃபான்டில் ஆங்கில எம் இருக்கும் இடத்தில் "அ" என்று வரைந்திருக்கும், கே இடத்தில் "ம", அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி. ஃபைலில் சேவ் ஆனது ஆங்கில எழுத்துகள்தான், ஃபான்ட் இருக்கும் வரை "அம்மா" என்று கண்ணுக்குத் தெரியும். ஃபான்ட் இல்லாத மெஷினில் வேஷம் கலைந்துவிடுகிறது. தேடினாலும் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் "அ" என்றால் 2949, "க" என்றால் 2965 என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த எண் உண்டு, எந்த மெஷினிலும் அது மாறாது. உங்கள் ஃபைல் எந்த ஃபான்டில் அடித்தது என்று தெரிந்தால், அதிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் துணைக்காலும் சில இடத்தில் பிசகும்.

23. பழைய லேப்டாப்பை ஒருத்தருக்குக் குடுக்கப்போறேன். எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டேன், போதும்தானே?

போதாது. டெலீட் செய்தது முதலில் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அதையும் காலி செய்தால், பழைய ஹார்ட் டிஸ்கில் நடப்பது இவ்வளவுதான்: "இந்த இடம் காலி" என்று பட்டியலில் குறிக்கப்படுகிறது. மேலே வேறொன்று எழுதப்படும் வரை பழைய தகவல் அங்கேயே கிடக்கும், மீட்கும் புரோகிராம்கள் அதைத்தான் எடுக்கின்றன. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வகையில் காலியான இடங்களை டிஸ்கே துடைத்துவிடும் வாய்ப்பு அதிகம், ஆனால் அதை நம்பிக் கொடுக்க வேண்டாம். தவறி அழித்தவருக்கு இதே விஷயம் நல்ல செய்தி: அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதாமல் உடனே மீட்கப் பாருங்கள்.

கொடுப்பதற்கு முன் வேண்டியவற்றைப் பிரதி எடுங்கள், எடுத்தது வேறு மெஷினில் திறக்கிறதா என்று பாருங்கள். சிங்க் ஆகும் ஃபோல்டரில் கைவைக்கும் முன் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், இல்லாவிட்டால் 16-ல் சொன்னபடி அங்கேயும் அழியும். இரட்டைச் சரிபார்ப்பு இந்த லேப்டாப்பை நம்பியிருந்தால் அதைப் புதிய மெஷினுக்கு மாற்றுங்கள். பிறகு விண்டோஸ் அமைப்புகளில் ரெகவரி, "ரீசெட் திஸ் பிசி", "ரிமூவ் எவ்ரிதிங்". அடுத்து வரும் அமைப்பு மாற்றும் இடத்தில் "க்ளீன் டேட்டா" என்பதையும் போடுங்கள். சில மணி நேரம் ஓடும், சார்ஜரைச் செருகியே வையுங்கள்.